கேட்டைக்குக் கிழக்கே ஒரு கரும்பாம்பு: சின்னத் தொலைநோக்கியில் இருள் நெபுலா

சித்திரை மாதம் நள்ளிரவு தாண்டித் தென்கிழக்கே பார்த்தால் விருச்சிகம் முழுசாக எழுந்திருக்கும். சிவப்பாகத் தெரிவது கேட்டை. வால் சுருண்டு முடிகிற இடத்தில் மூலம். கேட்டையிலிருந்து கிழக்கே, நீட்டிய கையால் ஒரு முஷ்டியும் ஒரு விரலும் அளந்து போனால் ஒரு நடுத்தர நட்சத்திரம் வரும். அதுதான் தீட்டா ஒஃபியூக்கி. அதற்கு ஏறக்குறைய ஒன்றரைப் பாகை வடக்கே, வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில், நட்சத்திரத் திரளுக்கு நடுவே ஆங்கில எழுத்து எஸ் போல நெளிந்து கிடக்கிறது பர்னார்ட் 72. பாம்பு நெபுலா என்பது இதன் செல்லப் பெயர்.

இது ஒளிர்கிற நெபுலா இல்லை. குளிர்ந்த வாயுவும் நுண்தூசியும் சேர்ந்த மேகம். பின்னால் இருக்கும் பால்வீதியின் வெளிச்சத்தை மறைக்கிறது; அந்த மறைப்பைத்தான் நாம் உருவமாகப் பார்க்கிறோம். 61 மி.மீ. விட்டமும் 360 மி.மீ. குவியத் தூரமும் உள்ள சின்னத் தொலைநோக்கி, பழைய கேனான் 600டி கேமரா, வீட்டுக் கொல்லை, இவ்வளவுதான் என்னிடம் இருப்பது. இவற்றை வைத்து இந்தப் பாம்பைப் படம் எடுத்த விதத்தை எழுதுகிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படும்.

எங்கள் வீடு ஜவ்வாது மலை அடிவாரத்தில், ஆலங்காயம் பக்கம். மேலே காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது; 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986லிருந்து அங்கே நிற்கிறது. நிலநடுக்கோட்டுக்கு 12.5 பாகைதான் தள்ளி இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதி இங்கிருந்து தெரியும். அந்த வசதி கொல்லையில் நிற்கிற சின்னத் தொலைநோக்கிக்கும் உண்டு. பாம்பு நெபுலா இங்கே 54 பாகை உயரத்துக்கு ஏறுகிறது. லண்டனில் இருப்பவருக்கு அது 15 பாகைக்கு மேல் வராது. அவ்வளவு தாழ்வில் காற்றும் ஊர் வெளிச்சமும் சேர்ந்து இந்த மாதிரி மங்கலான பொருளைத் தின்றுவிடும். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து ஏங்குகிற நமக்கு இது ஒரு பெரிய கொடுப்பினை. பயன்படுத்தாமல் விடக் கூடாது.

காலமும் ஒத்துவருகிறது. ஏப்ரல் 20ஐ ஒட்டி, இரவு பன்னிரண்டரைக்கு நெபுலா 30 பாகை உயரத்தைத் தாண்டும். மூன்றே முக்காலுக்கு உச்ச உயரம். நாலே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் கிழக்கு வெளுக்கத் தொடங்கும். ஓர் இரவுக்கு நாலு மணி நேரம் சுத்தமாகக் கிடைக்கிறது. ஜூன், ஜூலையில் நள்ளிரவிலேயே உச்சியில் நிற்கும், ஆனால் அப்போது வானம் நம் கையில் இல்லை. பங்குனி, சித்திரையில் அமாவாசையை ஒட்டிய வாரம்தான் இதற்கான வாரம்.

இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு இன்னொரு முக்கியமான காரணம் இருந்தது. பாம்பின் பக்கத்திலேயே, அதே சட்டகத்துக்குள், பர்னார்ட் 68 என்ற குட்டி மேகம் இருக்கிறது. முழுநிலாவின் விட்டத்தில் ஏழில் ஒரு பங்குதான் அதன் அகலம். நமக்கும் அதற்கும் இடையே நட்சத்திரமே கிடையாது, அவ்வளவு அருகில் இருக்கிறது. பின்னால் இருப்பவற்றின் கண்ணுறு ஒளியை அதன் மையம் முழுசாகத் தடுத்துவிடுகிறது. அகச்சிவப்பில் எடுத்தபோது மட்டும் பின்னால் இருந்த ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள் தெரிந்தன. அதை வைத்து ஆல்வெஸ், லாடா, லாடா மூவரும் இந்த மேகத்தின் உள்ளமைப்பையே கணித்து 2001ல் வெளியிட்டார்கள்.

படம் எடுக்கிறவருக்கு இது ஏன் முக்கியம்? பர்னார்ட் 68ன் நடுவில் எதுவும் தெரியக் கூடாது. அங்கே புள்ளியோ திட்டோ கோடோ நிறமோ தெரிந்தால் அது வானத்தில் இல்லாதது. கேமராவோ ஊர் வெளிச்சமோ நம்முடைய பிராசஸிங்கோ கொண்டுவந்தது. இருள் நெபுலா எடுக்கும்போது எது நிஜம், எது நாமாக உண்டாக்கியது என்று பிரித்துச் சொல்வதுதான் பெரிய சிரமம். அந்தச் சிரமத்துக்கு இந்த வயலில் (சட்டகத்துக்குள் விழும் வானப் பகுதியில்) வானமே ஒரு பூஜ்யத்தைக் குறித்து வைத்திருக்கிறது. என் கேமராவில் அது நூறு பிக்சல் அகலம் வருகிறது. அளந்து பார்க்கத் தாராளம். கடைசி வரை எல்லா முடிவுகளையும் அதைப் பார்த்துத்தான் எடுத்தேன்.

இப்போது வெளிச்சக் கணக்கு. வானப் பின்னணியைச் சதுர ஆர்க்செகண்டுக்கு (ஆர்க்செகண்ட் என்பது பாகையில் 3600ல் ஒரு பங்கு) இத்தனை மேக்னிட்யூட் (ஒளியளவு எண்) என்று அளப்பார்கள். எண் கூடினால் இருட்டு அதிகம். மனித வெளிச்சமே இல்லாத இடத்தில் 22க்குப் பக்கத்தில் இருக்கும். பெருநகரத்தில் 18. இந்த நாலு மேக்னிட்யூட் வித்தியாசம் வெளிச்சத்தில் 40 மடங்கு. பால்வீதியின் மங்கலான பின்னணி இயற்கையான வானத்தின் வெளிச்சத்துக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். சுத்தமான இருட்டில் மேகத்துக்கு உள்ளே 1 பங்கு, வெளியே 2 பங்கு. நகரத்தில் உள்ளே 40, வெளியே 41. பாம்பு அங்கேயும் இருக்கிறது, ஆனால் அந்த ஒரு பங்கைத் தோண்டி எடுக்க வேண்டும். எங்கள் கொல்லையில் நல்ல இரவில் 20.6 வருகிறது, உள்ளே மூன்றரை, வெளியே நாலரை என்ற கணக்கு. இதை வைத்து வேலை செய்யலாம்.

ஃபில்டர் போட்டால் சரியாகிவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது. ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் கோடுகளை மட்டும் விடுகிற இரட்டைப் பட்டை ஃபில்டர் ஒளிரும் நெபுலாவுக்கு அருமையானது. இங்கே நமக்கு வேண்டியது நட்சத்திர வெளிச்சம், அது எல்லா அலைநீளத்திலும் பரவியிருக்கிறது. அதை வெட்டினால் பாம்பு தெரிவதற்கான பின்னணியையே வெட்டியதாகும். பழைய சோடியம் விளக்குகளின் மஞ்சளையாவது தனியாக வடிகட்ட முடிந்தது. இப்போதைய எல்இடி தெருவிளக்கு எல்லா நிறத்திலும் கொட்டுகிறது. ஆகவே ஃபில்டர் இல்லை. அதேபோல, சிவப்புக்காக கேமராவின் உள் ஃபில்டரைக் கழற்றி மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. கடையில் வாங்கிய சாதாரண டிஎஸ்எல்ஆர் போதும். இருள் நெபுலா ஏழைக்கும் எட்டுகிற விஷயம் என்று நான் சொல்வது இதனால்தான்.

வெளிச்சத்தைக் குறைப்பதற்கு ஃபில்டரைவிட வாய் பேச்சு உதவியது. பக்கத்து வீட்டுத் திண்ணை விளக்கு நேராகக் கொல்லையில் விழும். "அக்கா, நடு ராத்திரிக்கு மேல அந்த லைட்ட மட்டும் அணைச்சா நட்சத்திரம் படம் எடுக்க வசதியா இருக்கும்" என்று கேட்டேன். "அதுக்கென்ன தம்பி, படம் வந்ததும் பிள்ளைங்களுக்குக் காட்டு" என்றார். அமாவாசை வாரங்களில் அவரே அணைத்துவிடுகிறார். கோயில் திருவிழா நடக்கும் நாட்களில் சீரியல் செட்டும் டியூப் லைட்டும் விடிய விடிய எரியும். அந்த இரவுகளில் கேமராவை எடுப்பதே இல்லை.

அதிக உழைப்பை வாங்கியது மவுன்ட், அதாவது தொலைநோக்கியைத் தாங்கி வானத்தின் ஓட்டத்தோடு திருப்புகிற கருவி. அதன் சுழல் அச்சு வான துருவத்தை நோக்கி நிற்க வேண்டும். நம் அட்சரேகையில் துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து பன்னிரண்டரைப் பாகை உயரத்தில்தான் இருக்கும். நிறைய மவுன்ட்கள் அவ்வளவு தாழ்வுக்கு இறங்குவதில்லை. என்னுடையது 20 பாகையில் நின்றுவிடும். போதாக்குறைக்கு, ட்ரைபாடில் வைத்தால் எதிர் எடைத் தண்டு வடக்குக் காலில் முட்டும். குளிர்நாட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லைகள் கிடையாது, அதனால் பயனர் கையேடுகளில் தீர்வும் இருக்காது.

முட்டுகிற கால் இருக்கக் கூடாது என்றால் தூண்தான் வழி. கொல்லையில் மூன்றடி ஆழம் குழி தோண்டி, ஆறு அங்குல பிவிசி பைப்பை நிறுத்தி, உள்ளே கம்பி கட்டி கான்கிரீட் ஊற்றினேன். மேலே நாலு போல்ட் புதைத்து, ஒரு வாரம் தண்ணீர் விட்டு ஆறவிட்டேன். சாய்வுக்கு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். 200 மி.மீ. சதுரத்தில், 10 மி.மீ. கனத்தில் இரண்டு இரும்புத் தகடு. மேல் தகடு வடக்கு நோக்கி 8 பாகை சாய வேண்டும். அதாவது தெற்கு ஓரம் வடக்கு ஓரத்தைவிட 28 மி.மீ. உயரம். பட்டறை அண்ணன் கோணமானியை நம்பவில்லை. "டிகிரி கணக்கு வேணாம் தம்பி, உயரத்தச் சொல்லு" என்று கேட்டு, 28 மி.மீ.க்கு இரண்டு துண்டு வெட்டி ஓரத்தில் நிறுத்தி, பக்கவாட்டை ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பற்ற வைத்தார். அந்த முறைதான் சரி. இப்போது மவுன்ட்டின் ஸ்கேலில் 20.5 வைத்தால் அச்சு நிஜமாக 12.5ல் நிற்கிறது. மேல் தகட்டுக்கும் தூணுக்கும் நடுவே ஆட்டம் துளியும் இல்லை.

துருவ நட்சத்திரம் தென்னை மரங்களுக்குப் பின்னால் இருப்பதால் போலார் ஸ்கோப் (அச்சைத் துருவத்துக்கு நேராக்க உதவும் குட்டித் தொலைநோக்கி) வழியாகப் பார்க்க வழியில்லை. நினா மென்பொருளில் மூன்று புள்ளி போலார் அலைன்மென்ட் என்று ஒரு வசதி உண்டு. வானத்தில் எந்தத் திசையிலும் அச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி மூன்று படம் எடுத்து, நட்சத்திர அமைப்பை அடையாளம் கண்டு, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லிவிடும். திருகாணியைத் திருப்பத் திருப்ப எண் குறைவதைத் திரையில் பார்க்கலாம். கணினி இல்லாதவர்கள், நட்சத்திரம் விலகிப் போவதைப் பார்த்து அச்சைத் திருத்துகிற பழைய டிரிஃப்ட் முறையைச் செய்யலாம். பொறுமை வேண்டும், ஆனால் துருவ நட்சத்திரம் வேண்டாம்.

கைடிங்குக்கு, அதாவது ஒரு நட்சத்திரத்தைக் கவனித்துக்கொண்டே மவுன்ட்டின் ஓட்டப் பிழையைத் திருத்துவதற்கு, 30 மி.மீ. துணைத் தொலைநோக்கியும் பிஹெச்டி2 மென்பொருளும். பிக்சலுக்கு இரண்டரை ஆர்க்செகண்ட் விழுகிற என் அமைப்பில் ஒரு ஆர்க்செகண்ட் பிழை வந்தாலும் நட்சத்திரம் உருண்டையாகவே இருக்கும். இதைச் செட் செய்துவிட்டு நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் எட்வர்ட் எமர்சன் பர்னார்டை நினைத்துக்கொள்வேன். 1857ல் நாஷ்வில்லில் வறுமையில் பிறந்தவர். ஒன்பது வயதுகூட நிரம்பாத காலத்தில் ஒரு புகைப்பட ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். சூரிய வெளிச்சத்தில் படத்தைப் பெரிதாக்கும் பெரிய கருவியை நாள் முழுக்கச் சூரியனை நோக்கித் திருப்பிக்கொண்டே இருப்பதுதான் வேலை. வானத்தின் ஓட்டத்தைக் கையால் பின்தொடர அங்கேயே பழகிவிட்டார். 1905ல் மவுன்ட் வில்சனில் பத்து அங்குல புரூஸ் தொலைநோக்கியோடு பால்வீதியைப் படமெடுத்தபோது, மணிக்கணக்காகக் கண்ணை எடுக்காமல் கைடு செய்தவர் அவர். 1919ல் 182 கரும்பகுதிகளின் பட்டியலை வெளியிட்டார். நம் பாம்பின் 72, குட்டி மேகத்தின் 68 எல்லாம் அந்தப் பட்டியலின் வரிசை எண்கள்.

அவை வானத்தில் உள்ள ஓட்டைகளா, மறைக்கும் மேகங்களா என்பதில் பர்னார்டுக்கு நெடுநாள் தயக்கம் இருந்தது. 1913 கோடையில் ஓர் இரவு, தனுசு ராசியின் பிரகாசமான பகுதிக்கு முன்னால் சின்னச் சின்ன மேகங்கள் கருப்பாக மிதப்பதைப் பார்த்ததையும், தம் படங்களில் உள்ள கரும்பொட்டுகளை அவை அப்படியே ஒத்திருந்ததையும் பதிவு செய்திருக்கிறார். சித்திரை இரவில் மலையிலிருந்து துண்டு மேகங்கள் பால்வீதி மேல் நகரும்போது அதை நீங்களும் பார்க்கலாம்.

சரி, கேமராவுக்கு வருவோம். ஐஎஸ்ஓ 800, ஒரு படத்துக்கு மூன்று நிமிடம். ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) இடது ஓரத்தைவிட்டு விலகி மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நிற்கும். அதற்கு மேல் நீட்டினால் நட்சத்திரங்கள் நிறம் இழந்து வெளுக்கும். சட்டகத்தின் நீள வாட்டத்தைக் கிழக்கு மேற்காக வைத்து, மையத்தைச் சற்று வடக்கே தள்ளினேன். தீட்டா ஒஃபியூக்கி ஓரத்தில் ஒட்டி நின்றால் அதன் வெளிச்சம் சிதறி உள்ளே கீற்றாக விழும். ஆகவே அதை நன்றாக வெளியே விட்டுவிட்டேன். அதைவிட மங்கலான 44 ஒஃபியூக்கி உள்ளே இருக்கிறது, தொல்லை தருவதில்லை.

சூடுதான் டிஎஸ்எல்ஆரின் எதிரி. சித்திரை இரவு இரண்டு மணிக்கும் கொல்லையில் 26 பாகை இருக்கிறது. சென்சார் அதைவிடச் சூடு. ஏறக்குறைய ஆறு பாகை கூடினால், வெளிச்சமே இல்லாதபோதும் சென்சாரில் ஊறுகிற இருள் மின்னோட்டம் இரட்டிப்பாகும்; படத்தில் இரைச்சலும் கூடும். இந்த இரைச்சல் ஒழுங்கற்றதாக இருந்தால் பல படங்களைச் சேர்க்கும்போது தணிந்துவிடும். ஒரே இடத்தில் நிலையாக இருக்கும் கோலங்கள்தான் ஆபத்து. நட்சத்திரங்கள் மெதுவாக நகரும்போது அவை மழைக்கோடு போலப் படம் முழுக்க இழுபடும். ஒளிரும் நெபுலாவில் அதை மறைத்துவிடலாம், மங்கலான கருமையில் மறைக்க முடியாது. அதற்கு மருந்து டிதரிங்: இரண்டு படத்துக்கு ஒருமுறை தொலைநோக்கியைப் பன்னிரண்டு, பதினைந்து பிக்சல் அளவுக்கு ஏதோ ஒரு திசையில் நகர்த்துவது. ஒவ்வொரு தடவையும் அரை நிமிடம் போகும். போகட்டும்.

இது வேலை செய்கிறதா என்று பர்னார்ட் 68 சொல்லும். சிரில் என்ற வானப்பட மென்பொருளில் அதன் நடுவே ஒரு சின்னக் கட்டம் வரைந்து புள்ளிவிவரம் கேட்டால் சராசரியும் சிதறலும் வரும். ஒரு மணி நேரப் படங்களை ஒன்றாகச் சேர்த்த ஸ்டாக்கில் உள்ள சிதறல், நாலு மணி நேரத்தில் பாதியாக வேண்டும். அப்படிக் குறைந்துகொண்டே வந்தால் இன்னும் படம் எடுப்பதில் பலன் உண்டு. குறைவது நின்றுவிட்டால் நேரத்தைக் கூட்டிப் பயனில்லை. டிதரிங்கிலோ, திருத்தத்துக்காக எடுக்கிற டார்க், ஃப்ளாட் படங்களிலோ கோளாறு. ஒன்பது மணி நேரத்தைத் தாண்டியும் என்னுடையது குறைந்துகொண்டே வந்தது.

கிழக்கு வெளுத்ததும், சென்சாரின் நிலையான கோலங்களைக் கழிப்பதற்காக, தொலைநோக்கியை மூடிவிட்டு டார்க் படங்கள் எடுப்பேன்; அதே சூடு, அதே மூன்று நிமிடம். கேமராவின் வ்யூஃபைண்டரைக் கருப்பு டேப்பால் மூட வேண்டும். டிஎஸ்எல்ஆரில் அந்த வழியாக வெளிச்சம் உள்ளே கசியும்.

அப்புறம் ஃப்ளாட், அதாவது ஒரே சீரான வெளிச்சத்தை எடுத்து, மூலை இருட்டையும் தூசு நிழலையும் சரிசெய்ய உதவும் படம். இந்த வேலையில் எதையாவது ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால் ஃப்ளாட்டைச் செய்யுங்கள். எந்த லென்ஸிலும் மூலைகள் கொஞ்சம் இருண்டிருக்கும். சென்சார் தூசு வட்டமான நிழலைப் போடும். இருள் நெபுலாவும் ஒரு நிழல்தான். ஃப்ளாட் சரியில்லாத படத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எந்த வழியும் இல்லை. நான் துவைத்துக் காய்ந்த வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து, சுருக்கமே இல்லாமல் தொலைநோக்கியின் வாயில் இழுத்து ரப்பர் பேண்டு போடுவேன். சூரியன் எழுவதற்குமுன், தலைக்கு மேலே உள்ள வானத்தை நோக்கித் திருப்பி, ஹிஸ்டோகிராம் நடுவுக்குக் கொஞ்சம் இடதுபுறம் வரும்படி எடுப்பேன். ஃபோகஸை அசைக்கக் கூடாது, கேமராவைத் திருப்பக் கூடாது. நடுவில் மெரிடியன் ஃபிளிப் (பொருள் உச்ச உயரத்தைத் தாண்டும்போது மவுன்ட் மறுபுறம் புரள்வது) ஆகியிருந்தாலும் கவலை இல்லை, தொலைநோக்கியும் கேமராவும் சேர்ந்தேதான் திரும்புகின்றன.

ஸ்டாக் செய்வதற்குமுன் ஒவ்வொரு படத்திலும் முதல் படிப் பின்னணி நீக்கம் மட்டும், அதாவது ஒரு நேரான சரிவை மட்டும், கழிக்கிறேன். ஊர் வெளிச்சத்தின் சரிவு அதிலேயே பெரும்பாலும் போய்விடும். தானாகவே பின்னணியைச் சமன் செய்கிற கருவிகளை இந்த வயலில் நம்ப மாட்டேன். அவற்றுக்குப் பால்வீதியின் வெளிச்சமும் ஒரு சரிவு, பாம்பும் ஒரு பள்ளம். இரண்டையும் நிரவிவிட்டு அழகான சாம்பல் தாளைக் கையில் கொடுக்கும்.

நிறம் சரிசெய்யும்போதும் இதே கதை. மென்பொருள் ஏதாவதொரு இடத்தை நடுநிலைப் பின்னணி என்று எடுத்துக்கொள்ளும். இங்கே வெறும் வானம் என்று ஓர் இடமே கிடையாது. எங்கு தொட்டாலும் நட்சத்திர வெளிச்சம், அதுவும் தூசியைக் கடந்து பழுப்பேறியது. அதை நடுநிலை ஆக்கினால் படம் நீலம் பாயும். நான் பர்னார்ட் 68ன் மையத்தையே பின்னணிக் கட்டமாகக் கொடுத்தேன். அங்கே தெரிவது கிட்டத்தட்ட நம் வானத்தின் வெளிச்சம் மட்டும்தான், அதைக் கழிப்பதுதான் நியாயம். அப்படிச் செய்ததும் பால்வீதி இளம் பொன்னிறமாகவும், பாம்பின் விளிம்புகள் காய்ந்த புகையிலை நிறத்திலும் வந்தன. மேகத்தின் ஓரத்தில் உள்ள நட்சத்திரங்கள் ஆரஞ்சாக இருப்பதைப் பெரிதாக்கிப் பாருங்கள்: தூசி நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் தடுக்கிறது. பாடப்புத்தகத்தில் படித்த விஷயம் கொல்லையிலிருந்து எடுத்த படத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரிகிறது. அதைப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் பெரியது.

ஸ்ட்ரெச் செய்யும்போது, அதாவது மங்கலானவை தெரியும்படி வெளிச்சத்தைக் கூட்டும்போது, கருப்பை முழுக் கருப்பு ஆக்காதீர்கள். பாம்பின் உடலிலும் ஆழம் கூடிய இடம், குறைந்த இடம் உண்டு. வால் பக்கம் மெல்லிய தூசி வெளிப்புறம் பிரிந்து போகிறது. பர்னார்ட் 68ஐப் பூஜ்யத்துக்குச் சற்று மேலே நிறுத்திவிட்டு மற்றதை அதற்கு மேல் அமைத்தால் இந்த வேறுபாடு எல்லாம் பிழைக்கும். நட்சத்திரங்களை மொத்தமாக நீக்கிவிட்டு மேகத்தை மட்டும் காட்டுவது இப்போது வழக்கமாகிவருகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நட்சத்திரங்கள் எங்கே அடர்த்தி, எங்கே குறைவு என்பதுதான் இந்த மேகத்துக்கான சாட்சியம். ஹைடல்பெர்கில் மாக்ஸ் வோல்ஃப் நட்சத்திரங்களை எண்ணித்தான் இத்தகைய மேகங்கள் எவ்வளவு ஒளியை மறைக்கின்றன என்று கணக்கிட்டார். நட்சத்திரங்களைக் கொஞ்சம் அடக்கலாம், அவ்வளவே.

அடுத்தது பர்னார்ட் 142, 143. சேர்த்துப் பார்த்தால் ஆங்கில எழுத்து இ போல இருக்கும். திருவோணத்தின் மூன்று நட்சத்திரங்களில் வடக்கே இருக்கும் டாரசெட்டுக்கு மேற்கே, ஒன்றரைப் பாகைக்குள். மே கடைசியில் விடியற்காலை மூன்றே முக்காலுக்கு எங்கள் கொல்லைக்கு நேர் உச்சியில் வரும், அதைவிட நல்ல இடம் வானத்தில் இல்லை. உச்சியை நோக்கும்போது கேமரா தூணில் இடிக்காமல் இருக்க, தகட்டுக்கு மேலே ஓர் அரையடி நீட்டிப்புக் குழாய் வேண்டும். பட்டறை அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். அந்த மேகங்கள் சுமார் 2000 ஒளியாண்டு தூரத்தில் இருப்பதால் நமக்கும் அவற்றுக்கும் நடுவே நட்சத்திரங்கள் இருக்கும். பர்னார்ட் 68 கொடுத்த சுத்தமான பூஜ்யம் அங்கே கிடைக்காது. ஆகவே அங்கே தொடங்குவதற்குமுன் ஒவ்வோர் இரவும் பாம்பு வயலை அரை மணி நேரம் எடுத்து, அதே ஃப்ளாட்டும் அதே டார்க்கும் போட்டு, பர்னார்ட் 68ன் கட்டத்தில் எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு பிறகு திருவோணத்துக்குத் திரும்புவதாகத் திட்டம்.